புளிசாதம் செய்யாத குற்றம்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கம் மட்டும் இங்கே.

வீட்டிலேயே சின்னதாக மெஸ் நடத்துகிறார். தறிப்பட்டறை, கடை, ஆபீஸ் என்று 35 பேருக்கு மதியச் சாப்பாடு. காலாண்டுப் பரீட்சை முடிந்த சனிக்கிழமை, நாத்தனார் குடும்பத்தோடு 14 பேராக வேன் பிடித்து ஏற்காடு போனார்கள். மாமியாருக்கு மூட்டுவலி, அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். காலை எட்டரை மணிக்கு மலையேறும்போது நாத்தனாரின் ஆறு வயது மகன் வேனுக்குள்ளேயே வாந்தியெடுத்தான். கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டார்கள். நாத்தனார் துண்டால் துடைத்தார், பாட்டில் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டார், மேலே போனதும் எல்லோருக்கும் தட்டுவடை செட் போட்டுக் கொடுத்தார். மதியம் ஒரு மணிக்கு ஏரிப் பக்கம் உட்கார்ந்து, வாசகி கட்டிக்கொண்டு போன புளிசாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டார்கள்.

ஞாயிறு இரவு ஏழு மணியிலிருந்து திங்கள் விடிவதற்குள் எட்டுப் பேருக்கு வாந்தி, வயிற்றால் போவது. அதில் வாசகியின் கணவரும், இரண்டேகால் வயது மகளும் உண்டு. திங்கள் முழுக்க வாந்தியைத் துடைத்துக்கொண்டே அன்று மெஸ்ஸுக்கும் சமைத்து அனுப்பினார். செவ்வாய் இரவு அவருக்கே வந்தது. புதன் காலை மாமியாருக்கு. "சாப்பாட்டுல என்னமோ ஆயிருச்சு. இவ எப்படித்தான் 35 பேருக்கு ஆக்கிப் போடறாளோ" என்று நாத்தனார் போனில் சொன்னது மனதில் தைத்திருக்கிறது. கடிதம் எழுதிய வெள்ளிக்கிழமை நிலவரம்: வாசகிக்கு வியாழன் காலையோடு நின்றுவிட்டது. மகளுக்கு நாளைக்கு மூன்று தடவை இன்னும் இளக்கமாகப் போகிறது, ஆனால் விளையாடுகிறாள். மாமியார் எழுந்தால் தலைசுற்றுகிறது, சிறுநீர் குறைவு. கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி மெஸ்ஸை மூடியிருக்கிறார். திங்கள் திறக்கலாமா, தன் சமையல்தான் காரணமா, குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து போட்டும் ஏன் வந்தது, ஏற்காட்டுத் தண்ணீரா, இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முன்னால், கேட்காத ஒன்று. உங்கள் மாமியாரை இன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 67 வயது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மருந்து கலந்த மாத்திரை. மூன்றாவது நாளாக வயிற்றால் போகிறது, எழுந்தால் தலைசுற்றல், சிறுநீர் குறைவு. இந்த வீட்டில் இப்போது உயிருக்கு ஆபத்து உள்ள ஒரே ஆள் அவர்தான். உடம்பில் நீர் வற்றும்போது அதே நீர் மாத்திரை சிறுநீரகத்தை மேலும் வதைக்கும், மெட்ஃபார்மினும் ரத்தத்தில் சேரத் தொடங்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். "இந்த மாத்திரைகளை எத்தனை நாள் நிறுத்தி வைக்க வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள், மாத்திரை அட்டைகளைக் கையில் கொண்டு போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்ப்பார்கள். பக்கத்து டாக்டர் இல்லையென்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை. எழுந்து நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் 108.

சர்க்கரைக்காரர் என்பதால் ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது பலரும் செய்கிற தப்பு. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்ஸில் குளுக்கோஸ் வெறும் 13.5 கிராம். நீங்கள் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஜவ்வரிசிக் கஞ்சியில் அதைவிட மாவுச்சத்து அதிகம். தாராளமாகக் கொடுக்கலாம்.

யார் மீது பழி? நாள்காட்டியைப் பாருங்கள்

புளிசாதத்தை விட்டுவிடுங்கள், அது குற்றவாளி இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மணிக்கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

கட்டிக்கொண்டு போன சோறு கெட்டு வருகிற வாந்தி எப்படி இருக்கும்? சோற்றில் ஏற்கெனவே ஊறிய நஞ்சு வேலை செய்வதால் சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். ஒரு மணிக்குச் சாப்பிட்ட சாதம் கெட்டிருந்தால் சனிக்கிழமை மலையிறங்கும்போதே வேன் முழுக்க வாந்தியாக இருந்திருக்கும். உங்கள் வீட்டில் தொடங்கியது ஞாயிறு இரவு, அதாவது 30 மணி நேரம் கழித்து. போதாததற்கு, அந்தச் சாதத்தில் ஒரு பருக்கைகூடத் தொடாத உங்கள் மாமியாருக்கும் வந்திருக்கிறது. மூன்று தட்டு புளிசாதம் சாப்பிட்ட நாத்தனார் கணவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது பையனுக்கு வருவோம். வளைவில் வருகிற வாந்தி வண்டி நின்றதும் நிற்கும். இவன் ஏரிக்கரையில் உட்கார்ந்த பிறகும் இரண்டு தடவை எடுத்திருக்கிறான், அன்று மாலையே வயிற்றால் போயிருக்கிறது. கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஏற்காடு போவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை அவன் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் வாந்தி என்று பரீட்சைக்கே வரவில்லை. எட்டுப் பக்கத்தில் முக்கியமான வரி அதுதான். பையன் வேன் ஏறும்போதே கிருமியோடுதான் ஏறியிருக்கிறான். மூடிய வேன், மலைக்குளிருக்குச் சாத்திய ஜன்னல், துண்டால் துடைத்த கை, அதே கையால் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் அள்ளி வைத்துச் சட்னி தடவிய தட்டுவடை. வேகவைக்காத காய், கழுவாத கை. வைரஸுக்கு இதைவிட நல்ல வாகனம் கிடையாது.

இதை நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் குடும்ப விஷயம். அவரைக் குற்றம் சாட்டுவதும் நியாயமில்லை என்பது மட்டும் என் அபிப்பிராயம். பிள்ளை வாந்தியெடுத்தால் எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தார். கூட சோப்பு இல்லை, அவ்வளவுதான்.

இது என்ன வைரஸ்?

சோதனை செய்யாமல் கடிதத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வீடு வீடாக இப்படிப் பரவுவது பெரும்பாலும் நோரோ வைரஸ். சோதனைச்சாலை வசதி இல்லாத இடங்களில் நான்கு அடையாளங்களை வைத்து இதைக் கண்டுகொள்ளும் முறை 1982-லேயே வகுக்கப்பட்டது: பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாந்தி, தொற்றியதிலிருந்து சராசரியாக 24 முதல் 48 மணி நேரத்தில் தொடக்கம், சராசரியாக 12 முதல் 60 மணி நேரத்தில் ஓய்வு, மலத்தில் பாக்டீரியா இல்லாமை. முதல் மூன்றும் உங்களுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

பெயர் புதிதாகத் தெரிந்தாலும் ஆள் பழையவன். 1968-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் பரவிய வாந்தியிலிருந்து வந்த பெயர் இது. 1972-ல்தான் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரிந்தது. நமக்குப் பக்கத்தில் 2021 நவம்பரில் வயநாட்டின் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு உறுதியானபோதுதான் செய்தித்தாள்களில் பெயர் அடிபட்டது. 'ஸ்டமக் ஃப்ளூ' என்று சொல்வார்கள், ஃப்ளூவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ரோட்டா சொட்டு மருந்து வீணாகவில்லை. அது ரோட்டா வைரஸுக்கு மட்டும். 6, 10, 14-ஆம் வாரங்களில் கொடுக்கிற அந்த மருந்து தமிழ்நாட்டின் அரசு அட்டவணையில் 2017-ல் சேர்ந்தது, அதன் பரிசோதனை நடந்த இடங்களில் வேலூரும் ஒன்று. அதைப் போடாமல் ரோட்டா வந்திருந்தால் உங்கள் மகள் இன்னும் மோசமாகப் படுத்திருக்கலாம். நோரோவுக்கு இன்றுவரை கடையில் வாங்கக்கூடிய தடுப்பூசி இல்லை. ஒரு தடவை வந்ததால் கிடைக்கும் எதிர்ப்பும் நீடிக்காது. வகைகள் பல என்பதால் அடுத்த வருடமே மறுபடி வரலாம். நாத்தனார் கணவர் தப்பித்ததற்கு அதிர்ஷ்டமும் காரணமாக இருக்கலாம், உடற்கூறும் காரணமாக இருக்கலாம். குடல் சுவரில் இந்த வைரஸ் பிடித்துக்கொள்ளும் சர்க்கரைக் கொக்கிகள் சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை.

ஏற்காட்டுத் தண்ணீர்

ஊற்றுத் தண்ணீரில் நோரோ வரவே வராது என்று சொல்ல மாட்டேன். கழிவு கலந்த ஊற்று, கிணறு, போர் எல்லாவற்றிலிருந்தும் பரவியதுண்டு. ஆனால் பையன் மலையேறும் முன்பே நோயாளி என்பதால் இந்தத் தடவை தண்ணீரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இதில் ஒரு தப்பெண்ணத்தை மட்டும் திருத்துகிறேன். "மலைமேல தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும், கிருமி சாகாது" என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கில் கொதிக்கும். இரண்டாம் பாதி தவறு. தண்ணீரில் பரவி வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் 95 டிகிரியில் நிற்காது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2000 மீட்டருக்கு மேல் போனால்தான் மூன்று நிமிடம். கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பாகச் சுடவைத்துக் குடிப்பதுதான் வீண் வேலை, ஏனென்றால் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தாலும் நோரோ பிழைத்துக்கொள்ளும். கேண்டில் ஃபில்டரை நம்ப வேண்டாம், அதன் துளைகளுக்கு இந்த வைரஸ் மிகவும் சிறியது.

குழந்தைக்குச் செய்ததும், செய்திருக்க வேண்டியதும்

கடையில் கேட்டு வாங்கிய ஓஃப்லோக்சசின், ஆர்னிடசோல் கலந்த ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கொன்று பேதியை நீட்டிக்கலாம், அவ்வளவே. ஆனால் அதைவிட எனக்குப் பகீரென்றது, கணவருக்குக் கொடுத்த லோபராமைடு மாத்திரையில் பாதியைக் குழந்தைக்கும் கொடுத்தது. அது குடலின் அசைவையே நிறுத்துகிற மருந்து. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வயிறு உப்பும், பிள்ளை மயங்கிக் கிடக்கும், வெளியே போக வேண்டிய நீர் குடலுக்குள்ளேயே தேங்கும். "பேதி நின்னுருச்சு, ஆனா வயிறு கல்லு மாதிரி ஆகி அரை நாள் சோர்ந்து கிடந்தா" என்று எழுதியிருக்கிறீர்களே, அது குணமில்லை. மீதி மாத்திரையை இன்றே குப்பையில் போடுங்கள்.

தொக்கம் எடுக்க, அதாவது தொண்டையில் சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்பவரிடம், குழந்தையைக் கூட்டிப் போனதற்காக உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. சேலம் பக்கம் வாந்தி என்றதும் பாதி வீடுகளில் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் இந்த வாந்தி தொண்டையில் சிக்கிய உணவால் வருவதில்லை. சிறுகுடலின் உள்சுவரில் வைரஸ் உட்கார்ந்திருக்கிறது, ஊதியோ உறிஞ்சியோ அதை எடுக்க முடியாது. வாந்தியெடுக்கிற குழந்தையின் தொண்டைக்குள் கையோ குழலோ போனால் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம், அது நிஜமான ஆபத்து. தவிர, அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த பிள்ளைக்கும் கிருமி போகும்.

"வயித்தைக் காயப் போடு" என்று பாலையும் தண்ணீரையும் நிறுத்தியது அடுத்தது. இந்த நோயில் ஆளைக் கொல்வது வைரஸ் இல்லை, வற்றல்தான். நீங்கள் ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் வாந்தியாகவே வந்தது என்கிறீர்கள். எப்படிக் கொடுத்தீர்கள் என்று பார்த்தேன்: அரை டம்ளர், ஒரே மூச்சில். தாகத்தில் பிள்ளை மடமடவென்று குடிக்கும், சுருண்டிருக்கும் இரைப்பை அதை அப்படியே திருப்பி அனுப்பும். வாந்தியெடுத்த பின் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு தேக்கரண்டியால் 5 மில்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும், கை வலிக்கும். ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போயிருக்கும், அதாவது முக்கால் டம்ளர். கிளினிக்கில் டிரிப் பாட்டில் ஏற்றிச் செய்கிற வேலையைத் தேக்கரண்டியே பெரும்பாலும் செய்துவிடும். வாந்தி அடங்கியதும் ஒவ்வொரு பேதிக்கும் 100 முதல் 200 மில்லி. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100.

கலக்கும் அளவில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பெரிய பாக்கெட் 20.5 கிராம், முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, அட்டையைப் படியுங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலந்தால் உப்பு ஏறி ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டால் உப்பும் சர்க்கரையும் சமமாக விழாது. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாக்கெட் இல்லாத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு.

ஏன் இந்தக் கணக்கு என்றால், குடல் சுவர் எவ்வளவு புண்ணானாலும் அதில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அந்த வாசலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். உப்பில்லாத குளுக்கோஸ் பவுடரில் கைகோக்க ஆளில்லை. பாட்டில் ஜூஸிலும் குளிர்பானத்திலும் சர்க்கரை அதிகம், அது உடம்பிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பெரியவர்கள் இடையில் குடிக்கலாம், குழந்தைக்கு அதையே நம்பக் கூடாது. கடையில் பழச்சுவையோடு டெட்ரா பாக்கெட்டில் வந்ததெல்லாம் ஓ.ஆர்.எஸ். இல்லை. அந்தச் சொல்லைக் கண்டபடி போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டதே அதனால்தான்.

இப்போது மகளுக்கு மூன்று தடவை போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். குடல் சுவரின் நுனிகள் தேய்ந்து மறுபடி முளைக்க ஒரு வாரம் வரை ஆகும். வழக்கமான சாப்பாடே கொடுங்கள்: குழைந்த சோறு, தயிர், இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையானால் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. துத்தநாக மருந்து தினம் 20 மில்லிகிராம், 14 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஓ.ஆர்.எஸ்ஸோடு இலவசமாகக் கிடைக்கும். பேதி நின்றாலும் 14 நாளை முடியுங்கள், அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி பேதி வருவதைக் குறைக்கும். கண் உள்ளே போவது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிவது, ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லாமை, எழுப்பினாலும் எழாமை, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி: இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். டிரிப் தேவைப்படும் நேரம் அதுதான்.

வீட்டைக் கழுவுவது

கொரோனா காலத்துச் சானிடைசரை எல்லா அறையிலும் வைத்தேன் என்கிறீர்கள். கொரோனாவுக்குக் கொழுப்புச் சட்டை உண்டு, சாராயம் பட்டால் கிழியும். நோரோவுக்குச் சட்டையே இல்லை, சாராயத்துக்கு அசையாது. சோப்பும் அதைக் கொல்வதில்லை, தேய்த்து உருட்டிக் குழாயில் தள்ளிவிடுகிறது. அதனால் ஓடும் தண்ணீர், 20 விநாடி, நகக்கண் உட்பட. கறுப்பு பினாயில் வாசனைக்குத்தான் ஆகும்.

வேலை செய்வது குளோரின். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது ஒரு மேசைக்கரண்டி நிறைய. பிளாஸ்டிக் வாளியில் கலந்து, தெளிந்த பின் மேலே உள்ள நீரை எடுங்கள். புதுப் பாக்கெட்டாக இருக்கட்டும். திறந்து வைத்துக் கட்டியான பவுடரில் குளோரின் போயிருக்கும், சுண்ணாம்புதான் மிச்சம். வாந்தி விழுந்த இடத்தில் முதலில் பழைய பேப்பரைப் போட்டு மூடுங்கள், அதன்மேல் கரைசலை ஊற்றுங்கள், பத்து நிமிடம் கழித்துப் பேப்பரோடு அள்ளிக் கவரில் கட்டுங்கள். பிறகு சுற்றிலும் ஆறேழு அடிக்கு, வெளியிலிருந்து உள்நோக்கித் துடையுங்கள். விளக்குமாற்றால் தள்ளினால் துளி பறக்கும். மூக்கில் மாஸ்க், கையில் கையுறை, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பாத்ரூம் ஆசிட்டையும் இதையும் எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள், எழும் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

தாழ்ப்பாள், குழாய்த் திருகு, பாத்ரூம் மக்கின் கைப்பிடி, சுவிட்ச், செல்போன் இவற்றைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முதல் மூன்றுக்கும் லிட்டருக்கு 3 கிராம் போட்ட லேசான கரைசலே போதும். சுவிட்சையும் போனையும் அதில் நன்றாகப் பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள். மாமியார் படுத்த இலவம்பஞ்சு மெத்தையைக் கரைசலில் நனைக்க முடியாது. உறையைக் கழற்றிக் கொதிநீரில் ஊறவையுங்கள், மெத்தையை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போடுங்கள். நாறிய துணியை உதறாதீர்கள். சமையல் சிங்க்கில் அலசவே அலசாதீர்கள். வேன் டிரைவருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த சீட்டில் அடுத்த குடும்பம் உட்காரும்.

மெஸ்

சட்டம் தெளிவாக இருக்கிறது: 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிகள், அட்டவணை 4-ன்படி தொற்றுநோய் உள்ளவர் உணவைக் கையாளக் கூடாது. வீட்டு மெஸ்ஸுக்கும் இது பொருந்தும். நடைமுறையில் கணக்கு இப்படி: கடைசியாக வயிற்றால் போனதிலிருந்து முழுசாக 48 மணி நேரம். உங்களுக்கு வியாழன் காலை ஆறு மணி என்றால் சனி காலை ஆறோடு முடிகிறது. திங்கள் நீங்கள் அடுப்படிக்குப் போகலாம். ஆனால் மகளும் மாமியாரும் இன்னும் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கழுவிவிடுகிற கையும் சமைக்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. கணவருக்கு எப்போது நின்றதென்று நீங்கள் எழுதவில்லை. அவரும் 48 மணி நேரம் தாண்டியிருந்தால் அந்த வேலை அவருடையது, சாப்பாடு கட்டுவதும் கொண்டு கொடுப்பதும் அவர் தொடக் கூடாது. அதற்கு ஆள் இல்லையென்றால் புதன் வரை தள்ளிப் போடுங்கள்.

அந்தத் திங்கள் சமைத்து அனுப்பியதைப் பற்றி நீங்கள் இரண்டு வரியில் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. அன்று உங்களுக்கு அறிகுறி இல்லை, ஆனால் கை முழுக்க வாந்தி துடைத்த கை. கொதித்த சாம்பாரில் ஒன்றும் தங்கியிருக்காது. கையால் பிசைந்த தயிர்சாதத்திலும், பச்சை வெங்காயம் அரிந்து போட்ட பச்சடியிலும் தங்கியிருக்கலாம். எனவே கேஸ் கதையை விட்டுவிட்டு 35 பேருக்கும் உண்மையைச் சொல்லுங்கள்: "வீட்டில் எல்லோருக்கும் வாந்தி பேதி, அதனால் மூடினோம். செவ்வாய் முதல் வியாழன் வரை உங்கள் யாருக்காவது அப்படி இருந்ததா?" சிலர் வேறு மெஸ் பார்த்துக்கொள்ளலாம், அந்த நஷ்டம் உண்மைதான். ஆனால் அவர்களாகவே கண்டுபிடித்துப் பேசினால் போகிற பெயர் திரும்பாது. இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றால் 104 சுகாதார உதவி எண்ணுக்கோ உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளருக்கோ சொல்லிவிடுங்கள். அவர்கள் வருவது தண்ணீரையும் மற்ற வீடுகளையும் பார்க்க, உங்களைப் பிடித்துப் போக இல்லை.

திறந்த பிறகும் மலத்தில் வைரஸ் இரண்டு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், வந்துகொண்டிருக்கும். அதனால் அந்த இரண்டு வாரம் மெனுவைக் கொஞ்சம் மாற்றுங்கள். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் எல்லாம் சுடச்சுடக் கட்டலாம். பச்சடி, தேங்காய்ச் சட்னி, மேலே தூவுகிற பச்சைக் கொத்தமல்லி வேண்டாம். அப்பளத்தை இடுக்கியால் எடுங்கள். குடிதண்ணீர்க் குடத்தில் சொம்பை முக்கி மொள்ளுகிற பழக்கம் இருந்தால் குழாய் வைத்த டிரம் ஒன்று வாங்கிவிடுங்கள். தயிர்சாதத்தை மட்டும் கையால் பிசையாமல், சோற்றைச் சூட்டோடு மத்தால் மசித்து, தயிரை ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். கைப்பக்குவம் கொஞ்சம் குறையும். சாப்பிடுகிறவர்கள் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.